மண் பரிசோதனை அறிக்கை நன்றாக இருந்தால் நிலம் விவசாயத்துக்கு ஏற்றதாகிவிடுமா?

வாங்க எண்ணியிருக்கும் ஒரு நிலத்தின் மண் பரிசோதனை அறிக்கையைக் குறிப்பிட்டு, கார அமில நிலை 7.2, தழைச்சத்து குறைவு, மணிச்சத்து நடுத்தரம், சாம்பல்சத்து அதிகம் என்று அதில் வந்திருப்பதால் அந்த நிலம் விவசாயத்துக்கு ஏற்றது என்று முடிவு செய்யலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். இந்த அறிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பதே என் பதில். அறிக்கை தவறானது என்று நான் சொல்லவில்லை. அது அளந்திருப்பவற்றில் பெரும்பாலானவை நிலத்தை வாங்கிய பிறகும் திருத்திக்கொள்ளக் கூடியவை. நிலத்தின் கதியைத் தீர்மானிக்கும் ஆழம், வடிகால், சரிவு, அடிமண்ணின் இறுக்கம், பாசனநீரின் உப்பு ஆகியவற்றை ஆய்வகத்துக்குப் போன அரைக் கிலோ மேல்மண் காட்டாது. தழைச்சத்துக் குறைவை எருவும் பசுந்தாளும் உரமும் ஓரிரு பருவத்தில் ஈடுகட்டிவிடும். முழங்கால் ஆழத்தில் கிடக்கும் பாறையை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது. ஆகவே எந்தக் குறை திருத்தக்கூடியது, எது நிலத்தோடு என்றும் இருக்கப்போவது என்று பிரித்தறிவதையே நில மதிப்பீட்டின் முதல் வேலையாக நான் கருதுகிறேன்.

அதற்கும் முன்னால் ‘ஏற்றது’ என்றால் எதற்கு ஏற்றது என்பதைச் சொல்லியாக வேண்டும். எந்தப் பயிர், மானாவாரியா பாசனமா, ஆண்டுக்கு எத்தனை போகம் என்று குறிப்பிடாமல் ஒரு நிலத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வதில் பொருளில்லை. உப்பு கூடினால் மண்நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடும் என்பதால் உப்பை அந்தத் திறனால் அளக்கிறார்கள். ஒரு நிலத்தின் உப்புத்தன்மை, மண்ணின் நிறைவுச் சாற்றில் (நீரால் முழுதும் நனைத்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நீரில்) அளந்த மின் கடத்துதிறனாக, மீட்டருக்கு 4 டெசிசைமன் என்று வைத்துக்கொள்வோம். 1977ஆம் ஆண்டில் மாஸ், ஹாஃப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்து வெளியிட்ட அட்டவணையின்படி, பீன்ஸ் 1 அலகிலேயே விளைச்சலை இழக்கத் தொடங்கி, அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 19 விழுக்காட்டை இழக்கிறது. அதாவது இந்த நிலத்தில் பாதிக்கு மேற்பட்ட விளைச்சல் போய்விடும். மக்காச்சோளம் 1.7இல் தொடங்கி அலகுக்கு 12 விழுக்காடு இழப்பதால் கால் பங்குக்குச் சற்று அதிகமாகக் குறையும். நெல்லின் தாங்கும் எல்லை 3 என்பதால் அதன் இழப்பு 12 விழுக்காட்டளவில் நிற்கும். கோதுமையின் எல்லை 6, பருத்தியின் எல்லை 7.7, பார்லியின் எல்லை 8. இவற்றுக்கு இந்த உப்பால் இழப்பே இல்லை. மண்ணும் ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். பயிர் மாறியதும் தீர்ப்பு முற்றிலும் மாறிவிட்டது. தண்ணீரை விடாமல் தேக்கும் கனத்த களிமண்ணை எடுத்துக்கொண்டாலும் நெல்லுக்கு அது வரமாகவும் கிழங்குப் பயிர்களுக்கு அழுகலாகவும் அமைகிறது.

இந்த எண்ணத்தையே ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1976இல் ஒரு முறையாக வகுத்து வெளியிட்டது. நிலத்தின் தன்மைகளை ஒரு பக்கமும் குறிப்பிட்ட பயன்பாட்டின் தேவைகளை மறுபக்கமும் வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பொருத்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்து நிலம் எஸ்1, எஸ்2, எஸ்3 என்ற ஏற்புடைய வகுப்புகளிலோ என்1, என்2 என்ற ஏற்பில்லாத வகுப்புகளிலோ வைக்கப்படுகிறது. எஸ்1 மிகவும் ஏற்றது, எஸ்3 ஓரளவே ஏற்றது. என்1 என்பது இன்றைய செலவுக்குக் கட்டுப்படியாகாவிட்டாலும் பின்னர் தடையை நீக்க வாய்ப்புள்ள நிலம். என்2 என்பது அந்தப் பயன்பாட்டுக்கு எக்காலத்தும் உதவாத நிலம். இந்த முறையில் நான் மிகவும் மதிப்பது வகுப்பைக் காட்டிலும் அதன் பின்னால் எழுதப்படும் சிற்றெழுத்தையே. ஈரப்பற்றாக்குறையா, மண்ணரிப்பா, வடிகாலா, உப்பா என்று எந்தத் தடையால் நிலம் கீழிறங்கியது என்பதை அந்த எழுத்து சொல்லிவிடுகிறது. இதற்கு முன்பே, 1961இல், அமெரிக்க வேளாண்மைத் துறை நிலங்களை 8 வகுப்புகளாகப் பிரித்து, முதல் நான்கை உழவுக்கும் மற்றவற்றை மேய்ச்சல், காடு, இயற்கைப் பாதுகாப்பு போன்றவற்றுக்கும் ஒதுக்கியிருந்தது. அது தனிப் பயிர்களைக் கருதாத பொதுவான பிரிவு. அரிப்பு அபாயத்தைக் கணிக்க உதவும், எந்தப் பயிர் என்று முடிவெடுக்க உதவாது.

பல காரணிகளை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது என்பதில்தான் படித்தவர்களும் தவறுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுச் சராசரி எடுப்பது எளிது. ஆனால் செடி சராசரியில் வளர்வதில்லை. எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே விளைச்சலின் அளவைத் தீர்மானிக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய விதி சத்துகளைப் பற்றியது என்றாலும், நிலத்தின் தடைகளுக்கும் பெரிதும் பொருந்துகிறது. கலிபோர்னியாவில் ஸ்டோரி என்பவர் 1933இல் உருவாக்கிய நிலத் தரக் குறியீட்டெண் காரணிகளைக் கூட்டாமல் பெருக்கியது இதனால்தான். மண்ணடுக்கின் தரம் 95, நயம் (மணலும் களியும் கலந்திருக்கும் விதம்) 100, சரிவு 90, வடிகால் 20 என்று மதிப்பெண் பெறும் நிலத்துக்குச் சராசரி 76 வரும். கேட்பவர் நல்ல நிலம் என்று நினைப்பார். விழுக்காடுகளாகப் பெருக்கினால் 17 வரும். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறும் வயலை நேரில் கண்டவர்களுக்கு இரண்டாவது எண்ணே உண்மை என்று தெரியும். இன்று புவியியல் தகவல் முறைமை (வரைபடங்களைக் கணினியில் அடுக்கி ஆராயும் முறை) கொண்டு செய்யப்படும் ஆய்வுகள் பலவற்றிலும், காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எது முக்கியம் என்று எண்ணிடும், சாட்டி என்பவர் வகுத்த படிநிலைப் பகுப்பாய்வு முறையால் எடைகள் கொடுத்துக் கூட்டும்போது, நல்ல மழையின் மதிப்பெண் ஆழமில்லாத மண்ணின் குறையை மறைத்துவிடும் ஆபத்து உண்டு. அத்தகைய வரைபடத்தைப் பார்த்தால், எந்தக் காரணியாவது தன்னந்தனியாக நிலத்தைத் தகுதியிழக்கச் செய்ய முடிகிறதா என்று முதலில் கேளுங்கள்.

இனி நிலத்துக்குள் இறங்குவோம். கடப்பாரையும் மண்வெட்டியும் அரை நாள் உழைப்பும் தரும் செய்தியை வேறெந்தக் கருவியும் இவ்வளவு மலிவாகத் தருவதில்லை. ஓர் ஆள் இறங்கி நிற்கும் அகலத்தில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். மரப்பயிர் வைக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் சற்று ஆழம் போகலாம். மணற்பாங்கான மண்ணில் குழியின் சுவர் சரிந்து விழக்கூடும் என்பதால் ஒரு பக்கத்தைப் படிப்படியாக வெட்டிக்கொள்வதும், தனியாக இறங்காமல் இருப்பதும் அவசியம். வெயில் படும் சுவரைக் கத்தியால் செதுக்கிச் சுத்தப்படுத்தினால் மண்ணின் அடுக்குகள் புத்தகம் போல விரியும்.

முதலில் பார்க்க வேண்டியது வேர் இறங்கக்கூடிய ஆழம். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். மணல் கலந்த வண்டல் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 100 மில்லிமீட்டர் அளவு நீரைப் பயிருக்குப் பயன்படும் வகையில் பிடித்து வைப்பதாகக் கொள்வோம். 40 சென்டிமீட்டரில் பாறையோ சரளையோ வந்துவிட்டால் இருப்பு 40 மில்லிமீட்டர்தான். அதில் பாதி தீர்ந்ததுமே பல பயிர்கள் வாடத் தொடங்கும். பயிர் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக வெளியிட்டால் மழை நின்ற நான்காம் நாளே பாசனம் தேவைப்படும். மீட்டருக்கு 150 மில்லிமீட்டர் பிடிக்கும் நடுத்தர வண்டல் 120 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இருந்தால் இருப்பு 180. பாதி என்றால் 90. அது 18 நாள் தாங்கும். நான்கு நாளுக்கும் பதினெட்டு நாளுக்கும் உள்ள வேறுபாடே மானாவாரியில் விளைச்சலுக்கும் வெறுங்கைக்கும் உள்ள வேறுபாடு. மண் பரிசோதனை அறிக்கையில் இந்த இரு நிலங்களும் ஒரே மாதிரி தோன்றக்கூடும்.

குழியின் சுவரில் வேர்கள் நேராக இறங்குகின்றனவா, ஓரிடத்தில் முட்டிப் பக்கவாட்டில் திரும்புகின்றனவா என்று பாருங்கள். 15 முதல் 30 சென்டிமீட்டருக்குள் திரும்பினால் ஒரே ஆழத்தில் ஆண்டாண்டுகளாக உழுததாலும் கனத்த இயந்திரங்கள் ஓடியதாலும் உண்டான கடினத்தட்டாக இருக்கலாம். மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பை கொண்டு அதை உடைக்க முடியும். அதற்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்புக்கல்) படுகையோ பாறையோ இருந்தால் அது வேறு கதை. கையில் ஒரு கத்தியை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகச் சுவரில் குத்திப் பார்த்தாலே எந்த அடுக்கு எதிர்க்கிறது என்று தெரிந்துவிடும்.

நிறம் வடிகாலின் சாட்சி. ஒரே சீரான சிவப்போ பழுப்போ இருந்தால் அந்த அடுக்கில் காற்றோட்டம் உண்டு, நீர் வடிகிறது என்று பொருள். சாம்பல் நிறமும் நீலச் சாயலும் நீண்ட நாள் நீர் நின்றதைக் காட்டும். சாம்பலுக்கு நடுவே துருப் புள்ளிகள் இருந்தால் நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. நீங்கள் கோடையில் போனால் குழி காய்ந்து கிடக்கும், விற்பவரும் இங்கே தண்ணீர் நிற்காது என்பார். அந்தத் துருப் புள்ளிகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றன என்று பாருங்கள். பழைய காலத்து ஈரத்தின் சுவடாகவும் அவை இருக்கக்கூடும் என்பதால் மழைக்காலத்தில் ஒரு முறை வந்து உறுதிப்படுத்துவது நல்லது. உடனடிச் சோதனை வேண்டுமானால், 30 சென்டிமீட்டர் ஆழக் குழியில் நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். மறுநாளும் நீர் நின்றால் நெல்லைத் தவிர மற்றவற்றுக்கு மேட்டுப்பாத்தியோ வடிகால் வாய்க்காலோ இல்லாமல் அந்த நிலம் சரிவராது. அந்த வாய்க்காலின் நீர் போய்ச் சேரத் தாழ்வான இடம் ஒன்று இருக்கிறதா என்பதும் அப்போதே பார்க்க வேண்டிய ஒன்று. போக்கிடம் இல்லாத வடிகாலுக்குச் செய்யும் செலவு வீண்.

மண்ணின் நயத்தைக் கையாலேயே அறியலாம். ஈரப்படுத்திப் பிசைந்த மண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தள்ளி நாடாவாக்கினால், உருவாகவே உருவாகாதது மணல், இரண்டரை சென்டிமீட்டருக்குள் ஒடிவது வண்டல், ஐந்து வரை நீள்வது களிவண்டல், அதையும் தாண்டி நீள்வது களிமண். ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாகச் செய்து பாருங்கள். மேலே இளகிய மண்ணும் கீழே திடீரென்று கனத்த களியும் இருந்தால் பெருமழையில் நீர் அந்த எல்லையில் தேங்கும்.

அடுத்தது உப்பு. உவர் நிலமும் களர் நிலமும் ஒன்றல்ல என்பதை மனத்தில் கொள்ளுங்கள். உவரில் கரையும் உப்புகள் மிகுதி. நிறைவுச் சாற்றின் மின் கடத்துதிறன் 4 டெசிசைமனைத் தாண்டும். நல்ல நீரும் நல்ல வடிகாலும் இருந்தால் உப்பைக் கழுவி வெளியேற்றலாம். களரில், மண்துகள்களில் ஒட்டியிருக்கும் நேர்மின் அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டை மீறுகிறது. கார அமில நிலை பொதுவாக 8.5க்கு மேல் இருக்கும். மண் ஈரத்தில் சேறாகக் குழைந்து, காய்ந்தால் கல்லாக இறுகும். இதை வெறும் நீரால் கழுவினால் சரியாகாது. ஜிப்சம் போன்ற சுண்ணாம்புச்சத்துள்ள பொருளை இட்டு சோடியத்தை இடம்பெயர்த்த பிறகே கழுவ வேண்டும். இந்த எல்லைகள் 1954இல் அமெரிக்க உவர்மண் ஆய்வகம் வெளியிட்ட கையேட்டில் வகுக்கப்பட்டவை. வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு: பட்டாணி அளவு உலர்ந்த மண்கட்டியை மழைநீரிலோ காய்ச்சி வடித்த நீரிலோ அசைக்காமல் இட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாக இருந்தால் கவலை குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் பரவினால் சோடியத்தை சந்தேகிக்க வேண்டும். அடிமண்ணுக்கும் இதைச் செய்யுங்கள். மேல்மண் சாதாரணமாக இருக்க, அரை மீட்டருக்குக் கீழே களர் ஒளிந்திருக்கும் நிலங்கள் உண்டு.

ஆய்வக எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. பல ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீர் சேர்த்து மின் கடத்துதிறனை அளக்கின்றன. நீர் அதிகமாவதால் உப்பு நீர்த்து, நிறைவுச் சாற்றில் வரும் எண்ணைவிடப் பல மடங்கு குறைவான எண் கிடைக்கிறது. மணலில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. அறிக்கையில் 1 என்று இருப்பதை மேலே சொன்ன 4 என்ற எல்லையோடு ஒப்பிட்டு நிம்மதியடைந்துவிடக் கூடாது. எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்ட பிறகே எண்ணைப் படிக்க வேண்டும். மாதிரி எடுக்கும் விதமும் அப்படித்தான்: சீரான ஒரு பகுதிக்குள் 10 முதல் 20 இடங்களில் எடுத்துக் கலக்க வேண்டும், வரப்பு, எருக்குழி, மரநிழல், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும், நல்ல பகுதியையும் வெள்ளை பூத்த பகுதியையும் ஒன்றாகக் கலந்தால் எந்தப் பகுதிக்கும் உண்மையில்லாத எண்ணே கிடைக்கும்.

தண்ணீரைப் பற்றிய கணக்கும் எளியதே. ஒரு எக்டேரில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் தேவை என்றால் எக்டேருக்கு 50,000 லிட்டர், ஏக்கருக்கு ஏறத்தாழ 20,000 லிட்டர். வாய்க்காலில் கசிந்து வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். கிணறு இதைத் தருமா என்பதை வறண்ட பருவத்தில், தொடர்ந்து பல மணி நேரம் இறைத்து, நீர் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பின் பழைய மட்டத்துக்கு ஏற எத்தனை மணி ஆகிறது என்று பார்த்தே சொல்ல முடியும். மழைக்குப் பின் கிணறு நிறைந்திருக்கும் காட்சியை நம்ப வேண்டாம். நீரின் மின் கடத்துதிறன் 0.7 டெசிசைமனுக்குக் கீழே இருந்தால் உப்பு பற்றிய தடை இல்லை. 3ஐத் தாண்டினால் கடும் தடை உண்டு. இடைப்பட்ட நீரை, வடிகாலும் பயிரும் பொருந்தினால் பயன்படுத்தலாம். நல்ல மண்ணை உப்பு நீர் சில ஆண்டுகளில் கெடுத்துவிடும் என்பதால், மண்ணைச் சோதிப்பவர் நீரையும் சோதிக்காமல் விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

சரிவை ஒரு நீர்மட்டக் குழாயால் அளந்துவிடலாம். 100 மீட்டர் நீளத்தில் எத்தனை மீட்டர் இறக்கம் என்பதே விழுக்காடு. சரிவின் நீளமும் கணக்கில் வர வேண்டும், ஏனென்றால் நீண்ட சரிவில் ஓடும் நீர் திரண்டு வேகம் பிடிக்கிறது. ஒரு எக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மேல்மண் போனால் ஏறத்தாழ 130 டன் மண் போய்விட்டது என்று பொருள். வரப்புகளும் படிக்கட்டு வயல்களும் இதைத் தடுக்கும், ஆனால் மேல்மண் மெல்லியதாக உள்ள இடத்தில் சமப்படுத்தினால் வெட்டிய பகுதியில் அடிமண் வெளியே வந்துவிடும்.

மழையைப் பற்றி ஒன்று சொல்வேன்: ஆண்டுச் சராசரியை நம்பித் திட்டமிடாதீர்கள். 30 ஆண்டு மழை அளவுகளை பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி 24ஆவது எண்ணைப் பாருங்கள். ஐந்தில் நான்கு ஆண்டுகள் ஏறக்குறைய அந்த அளவாவது கிடைக்கும். முடிந்தால் இதைப் பயிர்ப் பருவத்து மாதங்களுக்கே செய்வது மேல்.

செயற்கைக்கோள் படங்களும் இணைய மண் வரைபடங்களும் உதவும், எல்லை அறிந்து பயன்படுத்தினால். 250 மீட்டர் கட்டங்கள் கொண்ட உலக மண் வரைபடத்தில் ஒரு கட்டம் 6.25 எக்டேர், அதாவது 15 ஏக்கருக்கு மேல். சிறு நிலம் முழுவதுமே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும், அந்த எண் உங்கள் வயலைப் பற்றியது அல்ல. 10 மீட்டர் கட்டங்களில் சில நாள்களுக்கு ஒருமுறை படமெடுக்கும் சென்டினல்-2 படங்கள் இதைவிடப் பயனுள்ளவை; பல ஆண்டுகளின் படங்களை அடுக்கிப் பார்த்தால் எந்த மூலை எப்போதும் வெளிறுகிறது, எங்கே நீர் நிற்கிறது என்று தெரியும். குழி தோண்ட வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுக்க அது போதும்.

நிலத்தின் பழைய கதையையும் விசாரியுங்கள்: செங்கலுக்கு மேல்மண் எடுக்கப்பட்டதா, பள்ளம் கழிவுகளால் நிரப்பப்பட்டதா, தொழிற்சாலைக் கழிவுநீர் பாய்ந்ததா. கன உலோகங்கள் கலந்த மண் திருத்த முடியாத குறைகளின் பட்டியலில் பாறையோடு சேர்த்து வைக்கத் தக்கது. வண்டி வரும் வழியும் ஆவணங்களும் தனியே பார்க்க வேண்டியவை. அவை என் துறையல்ல.

உங்கள் நிலத்துக்கு வருகிறேன். கார அமில நிலை 7.2 என்பது மேல்மண்ணில் களர் இருக்க வாய்ப்புக் குறைவு என்று சொல்கிறது. தழைச்சத்துக் குறைவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மின் கடத்துதிறன், ஆழம், அடிமண், கிணற்று நீர் ஆகியவை பற்றி நீங்கள் எழுதியதில் எதுவுமில்லை. முன்பணம் கொடுக்கும் முன் மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, தாழ்ந்த மூலையில் ஒன்று என மூன்று குழிகள் தோண்ட உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். கிணற்று நீரில் ஒரு லிட்டரைச் சோதனைக்கு அனுப்புங்கள். குழிகளின் அளவுகளையும், நீங்கள் பயிரிட நினைப்பது ஓராண்டுப் பயிரா மரப்பயிரா என்பதையும் எழுதினால், நிலம் எஸ்2இல் நிற்கிறதா எஸ்3இல் நிற்கிறதா, எந்தத் தடையால் அங்கே நிற்கிறது என்று சேர்ந்தே பார்க்கலாம்.